முதுகு வளையும் பிள்ளைக்குக் குற்றால எண்ணெய்க் குளியல் உதவுமா?

சாரல் விழத் தொடங்கினால் குற்றாலம் களைகட்டிவிடும். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் உடம்பு வலியெல்லாம் பறந்துவிடும் என்பது தென்காசிப் பக்கத்து நம்பிக்கை. ‘பிள்ளை கூன் போட்டு உட்காருது, நல்லா நீவிவிட்டா நிமிந்துடும்’ என்று குழந்தையையும் அங்கே தூக்கிப்போகத் தோன்றுவது இயல்புதான். ஆனால், வளைவுக்குக் காரணம் எஸ்.எம்.ஏ. என்ற மரபணு நோயாக இருந்தால்?

எஸ்.எம்.ஏ. என்றால் என்ன?

தசைகளை இயக்கும் தண்டுவட நரம்பு செல்கள் அழிவதால் தசை வலுவிழக்கும் நோய் இது. சுமார் 10,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வரலாம். எஸ்.எம்.என்.1 என்ற மரபணுவின் குறைபாடு அப்பா, அம்மா இருவரிடமும் மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் இருவரிடமும் அதே குறை இருக்கும் வாய்ப்பு கூடும். ரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். அறிவுத்திறன் பாதிக்கப்படாது.

முதுகு ஏன் வளைகிறது?

இழுத்துக் கட்டிய கயிறு தளர்ந்தால் பந்தக்கால் சாயும். முதுகெலும்புக்குத் தசைகள்தான் அந்தக் கயிறு. நடக்க முடியாத எஸ்.எம்.ஏ. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதுகு வளைகிறது. வளைவு கூடும்போது விலா எலும்புக்கூடு கோணி, நுரையீரல் விரிய இடம் குறையும். சாதாரண சளிகூட நிமோனியாவில் முடியலாம்.

எண்ணெய் தேய்க்கலாமா?

மெதுவாகத் தடவுவதில் தப்பில்லை. ஆனால் அதனால் வளைவு நிமிராது. அழுத்தி முறுக்குவதுதான் ஆபத்து. இந்தக் குழந்தைகளின் எலும்பு பலவீனமானது, எளிதில் முறியும். கழுத்து நிற்காத பிள்ளையை அருவிக்கு அடியில் பிடிக்கவே கூடாது. பிசியோதெரபிஸ்ட் துணையுடன் வெதுவெதுப்பான நீரில் செய்யும் பயிற்சி நல்லது.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவது, ஒரு தோள் மட்டும் உயர்ந்திருப்பது, கையை ஊன்றாமல் உட்கார முடியாதது ஆகியவை தொடக்க அறிகுறிகள். உட்கார வைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். வளைவு 20 டிகிரியைத் தாண்டினால், வளர்ச்சி முடியும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பெல்ட் உட்கார உதவும், வளைவை நிறுத்தாது. 50 டிகிரியைத் தாண்டி வேகமாகக் கூடினால் அறுவை சிகிச்சை பற்றி யோசிப்பார்கள்.

நுசினெர்சென் மருந்து இடுப்புப் பகுதி முதுகெலும்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. எனவே, கம்பி பொருத்தும்போதே ஊசிக்கு இடைவெளி விடும்படி டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

உதவி எங்கே?

தென்காசி அருகே ஆய்க்குடியில் இருக்கிறது அமர் சேவா சங்கம். கடற்படைத் தேர்வில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. பின்னர் அவருடன் கைகோத்த எஸ்.சங்கரராமன், தசைச் சிதைவு நோயுடன் வாழ்பவர். வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கு இங்கே பயிற்சி தரப்படுகிறது.

அரிய நோய்களுக்கான மத்திய அரசின் திட்டத்தில் ரூ.50 லட்சம் வரை உதவி உண்டு. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இதற்கான மையங்களில் ஒன்று.

புது மருந்துகள் தசையின் வலுவைக் காக்கலாம். ஏற்கெனவே வளைந்த முதுகை நிமிர்த்தாது. அதனால் மருந்து கிடைத்த பிறகும், பிள்ளை உட்காரும் விதத்தில் ஒரு கண் இருக்கட்டும்.