அழுக்கணவன் தீர்ந்த பிறகு பொறிவண்டு எதைத் தின்னும்?

அழுக்கணவனை (அசுவினியை) தின்னும் பூச்சிகள் அதை மட்டும் தின்று வாழ்வதில்லை. பொறிவண்டும் அதன் புழுவும், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும், மலர் ஈயின் புழுவும் ஒரே கொழுந்தில் இரை தேடுகின்றன. எதிர்ப்படுவது தன்னைவிடச் சிறியதாக, மென்மையானதாக இருந்தால் அதையும் விடுவதில்லை. விவசாயிகளுக்கான துண்டுப் பிரசுரங்களில் இவை எல்லாம் ‘நன்மை செய்யும் பூச்சிகள்’ என ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசைக்குள் நடக்கும் வேட்டை பற்றி அங்கே பெரும்பாலும் பேச்சில்லை.

இது நமக்கு ஏன் முக்கியம்? இலங்கையில் 2021 மே மாதம் இரசாயன உரம், பூச்சிகொல்லி இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் விலக்கப்பட்டது. மருந்துக்கு மாற்று எது என்ற கேள்வி மலையகத்தில் இன்னும் தீரவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல பூச்சியை இறக்கினால் போதும் என்பது எளிதாகக் கிடைக்கும் பதில். அந்தப் பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஐரோப்பா பார்த்துவிட்டது.

சீனா, ஜப்பான், கொரியா, சைபீரியாவுக்கு உரிய ஆசியப் பொறிவண்டு (ஹார்மோனியா அக்சிரிடிஸ்) அழுக்கணவனைக் கட்டுப்படுத்தவென்று 1990களில் ஐரோப்பாவில் விற்கப்பட்டது. 2004இல் அது பிரித்தானியாவுக்கும் பரவியது. அது வந்த ஐந்தாண்டுகளுக்குள் அங்கே உள்நாட்டு இரண்டு புள்ளிப் பொறிவண்டு 44 சதவீதமும் பெல்ஜியத்தில் 30 சதவீதமும் குறைந்தது.

உணவுப் போட்டி மட்டும் இதற்குக் காரணமல்ல. அழுக்கணவன் கூட்டம் ஒரு செடியில் சில வாரங்களே நிலைக்கும். அது பெருகும்போது பொறிவண்டுகள் அருகருகே முட்டையிடும். கூட்டம் கரையும்போது, பசியின் உச்சத்தில் இருக்கும் கடைசிப் பருவப் புழுக்கள் பக்கத்திலுள்ள முட்டை, இளம்புழு, கூட்டுப்புழு மீது பாய்கின்றன. வேற்றினத்தைத் தின்பதில் இரட்டை இலாபம்: வயிறும் நிறையும், போட்டியாளரும் ஒழியும்.

சண்டை சமமாக நடந்தால் இரு இனமும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஆசியப் பொறிவண்டின் புழு பருமனானது, முதுகில் முள் கொண்டது. அதன் முட்டையில் உள்ள ஆல்கலாய்டுகள் மற்ற இனப் புழுக்களுக்கு நஞ்சாகின்றன. மற்றவற்றின் முட்டையையோ அது பெரிய கெடுதி இல்லாமல் செரித்துவிடுகிறது. வேட்டை ஒருவழிப் பாதையாகிறது. ஆசியப் பொறிவண்டின் இரத்தத்தில் வாழும் நுண்கிருமிகள் அதைத் தாக்காவிட்டாலும், ஏழு புள்ளிப் பொறிவண்டின் உடலில் செலுத்தியபோது அந்த இனத்தைக் கொன்றதாக 2013இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் காட்டினர். தின்பதாலும் அக்கிருமி தொற்றுகிறதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தின்னப்படும் இனம் தப்ப ஒரு வழி இருப்பதாக 1997இல் ஹோல்ட், போலிஸ் என்ற சூழலியலாளர்கள் கணித மாதிரி கொண்டு விளக்கினர்: பொது இரையைப் பிடிப்பதில் அது தன்னைத் தின்பவனைவிடக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். இரை மிகுந்தால் இந்தச் சாமர்த்தியமும் பயனற்றுப்போகும். ஏனெனில் மிகுந்த இரையில் வேட்டைக்காரனின் எண்ணிக்கையும் பெருகிவிடும்.

அப்படியானால் வெளிநாட்டுப் பூச்சி எல்லாமே ஆபத்தா? மலையகத்தின் சொந்த அனுபவம் வேறு. தேயிலை இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் சுருட்டுப்புழுவுக்கு எதிராக 1935-36இல் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அது நிலைபெற்றது, புழு அடங்கியது. அந்தக் குளவியின் பிழைப்பு சுருட்டுப்புழுவை நம்பியது. மற்ற நன்மைப் பூச்சிகளோடு அதற்குத் தகராறில்லை. பின்னர் தண்டைத் துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லி தெளித்தபோது குளவி செத்தது. கூட்டுக்குள் இருந்த புழு தப்பி, மறுபடி பெருகியது. எந்த நாட்டுப் பூச்சி என்பதைவிட, எத்தனை வகை இரையைத் தின்னும் என்பதே முதலில் கேட்க வேண்டியது. ‘சூழலுக்கு உகந்தது’ என்ற முத்திரை அதற்குப் பதில் சொல்வதில்லை.

இனி, எஞ்சிய சில கேள்விகள். தேயிலைக்கு அழுக்கணவன் பெரிய எதிரியா? இல்லை, கொழுந்து பறிக்கும்போதே பெரும்பகுதி போய்விடும், தவறணையிலும் கவ்வாத்துக்குப் பிந்திய துளிரிலும்தான் தொல்லை.

மருந்தடித்தால்? வேட்டைப் பூச்சிகளும் சாகும். புணர்ச்சியின்றியே குட்டி ஈனும் அழுக்கணவன் அவற்றுக்கு முன்பே மீண்டுவிடும்.

எறும்பு எந்தப் பக்கம்? தேன்கழிவுக்காக அழுக்கணவனைக் காத்து, பொறிவண்டை விரட்டும்.

உருளைக்கிழங்கு இலையை அரிக்கும் புள்ளி வண்டு? அதுவும் பொறிவண்டுக் குடும்பம்தான். ஆனால் இலை தின்னி, அழுக்கணவனைத் தொடாது.

உள்ளூர்ப் பொறிவண்டைக் காப்பது எப்படி? தோட்டம் முழுதும் தெளிக்காமல், அழுக்கணவன் கண்ட செடிகளுக்கு மட்டும் மருந்தை வைத்துக்கொள்வது.