ஒரு முறை சொன்னால் போதும்

2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பிக்கட்டி பேரூராட்சி இருப்பதும் அதே குந்தா மலைப்பகுதியில்தான். சரிவெங்கும் தேயிலை, மலைக்காய்கறி, இடையிடையே ஹட்டி எனப்படும் சிற்றூர்கள். எங்காவது ஒரு வளைவில் மண் சரிந்தால் ஊருக்குப் போகும் வழியே அடைபட்டுவிடும். அதற்குப் பத்தாண்டு முன்பு, 2009 நவம்பரில், இம்மாவட்டத்து மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இப்படிப்பட்ட மலையில், 'உடனே வீட்டை விட்டு வெளியேறுங்கள்' என்ற ஒரு வரியை நள்ளிரவில் எல்லோருக்கும் எப்படிக் கொண்டு சேர்ப்பது? வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது என்பதே என் வாதம்.

குரூப் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 1,024 பேர் வரை உள்ள ஒரு குழுவில் நாம் ஒரு செய்தியைப் போட்டதும், எங்கோ இருக்கும் சர்வர் ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியாக அதை அனுப்புகிறது. ஒரே டவரின் கீழ் 300 உறுப்பினர்கள் இருந்தால், அதே வரி அந்த டவரைக் கடந்து 300 முறை வந்தாக வேண்டும். சாதாரண நாளில் இது ஒரு பாரமே இல்லை. ஆனால் மழை வெளுத்து வாங்கும் இரவில், ஊரே ஒரே நேரத்தில் உறவினர்களை அழைத்துக்கொண்டிருக்கும். அந்த நெரிசலில் எச்சரிக்கையும் வரிசையில் நின்றுதான் வர வேண்டும். குழுவில் இல்லாதவருக்கோ, ஊட்டி பார்க்க வந்து வழியில் தங்கிய வெளியூர்க்காரருக்கோ அது வரவே வராது.

இதற்கு மாற்றான யோசனை கணினி வலையமைப்பில் நெடுநாளாக இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் டீரிங் 1989இல் இணையத்துக்கான மல்டிகாஸ்ட் முறையை வகுத்தார். 224 முதல் 239 வரை தொடங்கும் முகவரிகள் தனி ஒரு கணினியைக் குறிக்காமல் ஒரு குழுவைக் குறிக்கும். அனுப்புபவர் செய்தியை ஒரே ஒரு முறை அனுப்பினால் போதும். பாதை எங்கே இரண்டாகப் பிரிகிறதோ அங்கே மட்டும் ரூட்டர் ஒரு நகல் எடுக்கும். குடிநீர் வாரியம் வீட்டுக்கொரு குழாயை அணையிலிருந்தே இழுப்பதில்லை, தெருமுனையில்தான் கிளை பிரிக்கிறது. அதைப் போலத்தான் இதுவும். 1992இல் இதை வைத்து கண்டங்களைக் கடந்து கூட்டங்களை ஒலிபரப்பினார்கள் ஆய்வாளர்கள். ஆனாலும் பொது இணையத்தில் அது வேரூன்றவில்லை. ஒவ்வொரு குழுவையும் வழியிலுள்ள ரூட்டர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் குழுவுக்குள் எதையும் கொட்டலாம், செலவை எந்த நிறுவனம் ஏற்பது என்பதும் தீரவில்லை. வலையமைப்பு முழுவதும் ஒருவர் கையில் இருக்கும் இடத்தில் இந்தச் சிக்கல்கள் எழுவதில்லை. செல்போன் நிறுவனத்தின் டவர் அப்படிப்பட்ட இடம்.

அங்கே இந்த யோசனைக்கு மிக நெருங்கிய உறவு ஒன்று உண்டு: செல் பிராட்காஸ்ட். டவர் ஒரு பொது அலைவரிசையில் செய்தியை ஒரு முறை ஒலிக்கிறது. அதன் எல்லைக்குள் இருக்கும் கைபேசிகள் எல்லாம் கேட்டுக்கொள்கின்றன. பத்துப் பேரோ பத்தாயிரம் பேரோ, டவருக்கு வேலை ஒன்றுதான். யாருடைய எண்ணும் தேவையில்லை. பழைய நோக்கியா போனில் 50ஆம் சேனலை வைத்திருந்தவர்களுக்கு, பேருந்து ஊர்விட்டு ஊர் போகும்போது திரையில் இடத்தின் பெயர் தானாக மாறியது நினைவிருக்கும். அது இதே வசதிதான். ஜப்பானில் 2007 முதல் நிலநடுக்க எச்சரிக்கை இவ்வழியில் போகிறது. இந்தியாவில் 2023இல் நடந்த சோதனைகளின்போது நம் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின.

செய்தி போய்ச் சேர்ந்ததா என்று இதில் அனுப்பியவருக்குத் தெரியாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் பத்தாயிரம் கைபேசிகளும் 'கிடைத்தது' என்று பதில் அனுப்பினால், அந்தப் பதில்களே வலையமைப்பை அமுக்கிவிடும். அதனால் டவர் பதில் கேட்பதில்லை. குறித்த இடைவெளியில் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஏற்கெனவே வாங்கிய கைபேசி, வரிசை எண்ணைப் பார்த்து மறுபடி வருவதை ஒதுக்கிவிடுகிறது. மின்சாரம் போய் டவரே அணைந்துவிட்டால்? இது வலுவான ஆட்சேபம். பேட்டரியும் டீசலும் இல்லாத டவரை எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது. ஆயினும் பெருமழை பெரும்பாலும் மணிக்கணக்கில் பெய்து ஊறிய பிறகே மண் இளகுகிறது. டவர் உயிரோடு இருக்கும்போதே எச்சரிக்கையை அனுப்ப அந்த நேரம் இடம் தருகிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. மாவட்டம் முழுவதற்கும் ஒரே எச்சரிக்கை போனால், மழையே இல்லாத ஊர்க்காரர் அடுத்த முறை அதைப் பொருட்படுத்த மாட்டார். நீலகிரியில் இது வெறும் ஊகமில்லை. தென்மேற்குப் பருவமழை குந்தா, கூடலூர்ப் பக்கத்தை நனைக்கும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. செல் பிராட்காஸ்டில் குறிப்பிட்ட டவர்களை மட்டும் தேர்ந்தெடுக்க முடியும். எந்தச் சரிவு எந்த டவரின் கீழ் வருகிறது என்ற வரைபடம் மழைக்காலத்துக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் தயாராக இருக்க வேண்டும்.

வாசகமும் அப்படியே தயாராக இருக்க வேண்டும். ஜிஎஸ்எம் முறையில் ஒரு செய்திக்கு அதிகபட்சம் 15 பக்கம்; ஒரு பக்கத்தில் ஆங்கிலம் என்றால் 93 எழுத்து, தமிழ் என்றால் ஏறக்குறைய 40 குறியீடுதான். நம் எழுத்துகளில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடாக எண்ணப்படுகின்றன. 'மண்சரிவு' என்ற ஐந்தெழுத்துச் சொல்லுக்கே எட்டு இடம் போய்விடும். மீதி இருக்கும் முப்பத்திரண்டுக்குள் ஊர்ப்பெயரும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதும் முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும்.