பன்றிக்குட்டிக்கு இரும்பு ஊசி ஏன்?

பிறந்து மூன்றே நாளான பன்றிக்குட்டியைத் தூக்கி, காதுக்குப் பின்னால் கழுத்துச் சதையில் அடர்பழுப்பு நிற மருந்தை ஏற்றுகிறார்கள். அயர்ன் டெக்ஸ்ட்ரான் என்ற இரும்புச் சத்து ஊசி அது. வயிறு முட்டத் தாய்ப்பால் குடிக்கும் குட்டிக்கு இது எதற்கு?

பிறக்கும்போது குட்டியின் உடம்பில் சுமார் 50 மில்லிகிராம் இரும்புதான் இருக்கும். அன்றாடத் தேவையோ சுமார் 7 மில்லிகிராம். பாலில் கிடைப்பது ஏறக்குறைய 1 மில்லிகிராம். ஒரே வாரத்தில் எடை இரட்டிக்கும் உயிர் அது. ரத்தமும் அதே வேகத்தில் ஊற வேண்டும். பத்து நாளுக்குள் கையிருப்பு கரைந்துவிடும். தாய்க்கு இரும்பைக் கூட்டிக் கொடுத்தாலும் பாலில் அது பெரிதாக ஏறுவதில்லை.

காட்டுப்பன்றிக் குட்டி மூக்கால் மண்ணைக் கிளறுகிறது. வாயில் போகும் மண்ணிலேயே இரும்பு கிடைக்கிறது. பண்ணையில் சிமெண்ட் தரை. நோய்க்கும் புழுவுக்கும் அது நல்ல தடுப்பு, ஆனால் குட்டிக்கு மண்ணை இல்லாமல் செய்துவிட்டது. பறித்ததை நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

குட்டியின் காதை வெளிச்சத்தில் பாருங்கள். நலமான காது இளஞ்சிவப்பாக இருக்கும். இரும்பு குறைந்து சோகை பிடித்த குட்டியின் காது வெளுத்திருக்கும். முடி சிலிர்த்து நிற்கும். நாலடி ஓடினாலே மூச்சு வாங்கும்.

வழக்கமான அளவு 200 மில்லிகிராம். வைட்டமின் ஈ, செலினியம் குறைந்த குட்டிகளுக்கு இதே ஊசி நஞ்சாகவும் ஆகலாம். அதனால் கால்நடை மருத்துவரைக் கேட்டே போடுங்கள். ஒரு குட்டியையும் விட்டுவிடாதீர்கள்.