ஷிப்ட் (சொல்)

ஷிப்ட் என்பது தமிழர் பேச்சில் ஊன்றிவிட்ட ஓர் ஆங்கிலச் சொல். இடமாற்றம், தட்டச்சு விசை, ஒருவகை உடை, வேலை முறை எனப் பல பொருள்கள் இதற்கு உண்டு. திருப்பூர்ப் பனியன் தொழிலில் இது கூலியை அளக்கும் அலகாகவும் வழங்குகிறது.

சொல்லின் வேர்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பகுத்தல், ஒழுங்குபடுத்துதல் என்று பொருள். மாறுதல், மாற்றுதல் என்ற பொருள் பின்னர் வந்தது. இன்றைய பொருள்கள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

பொருள்கள்

• இடமாற்றம்: "வீட்டை ஷிப்ட் பண்ணுகிறோம்" என்பது அன்றாடப் பேச்சு.

• விசை: 1878இல் வந்த ரெமிங்டன் 2 தட்டச்சுப் பொறியில் இவ்விசையை அழுத்தினால், தாள் தாங்கும் பகுதியே இடம் மாறிப் பெரிய எழுத்து விழும். கணினியில் எதுவும் நகர்வதில்லை. பெயர் மட்டும் நிலைத்தது.

• உடை: மாற்றுடை என்ற பொருள் வழியாக, முற்காலத்தில் ஆங்கிலேயப் பெண்களின் தளர்ந்த உள்ளாடைக்கு இப்பெயர் அமைந்தது. இன்று இடுப்பைப் பிடிக்காமல் நேராகத் தொங்கும் கவுனை 'ஷிப்ட் டிரெஸ்' என்பர்.

• வேலை முறை: ஒரு குழு இறங்க, மறு குழு ஏறுவது. நூற்பாலைகளில் 24 மணி நேரத்தை 8 மணி வீதம் மூன்று ஷிப்டாகப் பிரிப்பர்.

திருப்பூர் வழக்கு

பனியன் கம்பெனிகளில் ஒரு ஷிப்ட் என்றால் 8 மணி நேர வேலை. அதற்குரிய கூலியும் அதுவே. ஆள் மாறாமல் அதே தொழிலாளி 12 மணி நேரம் உழைத்தால் 'ஒன்றரை ஷிப்ட்'. மாறுதல் என்ற மூலப்பொருள் இங்கே மறைந்துவிட்டது. "இந்த வாரம் எத்தனை ஷிப்ட்?" என்று கேட்டால், எவ்வளவு சம்பளம் வரும் என்பதே கேள்வி. பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு மட்டும் கூலி உருப்படிக் கணக்கில் அமையும்.

சொல்லும் கூலியும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவைத் தாண்டிய வேலைக்கு இருமடங்குக் கூலி என்று விதித்தது. 'ஒன்றரை' என்ற சொல்லோ கூடுதல் 4 மணி நேரத்தைச் சாதாரணக் கூலியிலேயே எண்ண வைக்கிறது.

இடைவேளை நீக்கி நாளுக்கு 12 மணி வீதம் 6 நாள் உழைத்தவரைக் கொள்வோம். மொத்தம் 72 மணி நேரம்.

• ஷிப்ட் கணக்கு: 6 × 1½ = 9 ஷிப்ட் கூலி.

• சட்டக் கணக்கு: 48 மணிக்கு 6 ஷிப்ட், மிகுந்த 24 மணிக்கு இருமடங்காக 6 ஷிப்ட், ஆக 12 ஷிப்ட் கூலி.

வேறுபாடு 3 ஷிப்ட் கூலி. இது கணக்கு விளங்கக் காட்டிய எடுத்துக்காட்டு. வாரந்தோறும் இவ்வளவு மிகைநேர வேலையை அச்சட்டம் பொதுவாக அனுமதிக்கவில்லை.

தமிழ்ச் சொற்கள்

இடம் நோக்கி இடமாற்றம், பணிமுறை, மாற்று விசை எனலாம். திருப்பூர்ப் பொருளுக்குப் 'பணிமுறை' பொருந்தாது. 'எட்டு மணிக் கூலி' என்பதே நெருங்கி வரும். வேலைக்குச் சேரும்போது ஷிப்ட் கூலி எவ்வளவு என்பதோடு, 8 மணிக்கு மேற்பட்ட நேரம் எந்த வீதத்தில் கணக்கிடப்படும் என்றும் கேட்டறிவது நல்லது.