நீர் மாத்திரையும் இதயத் தளர்ச்சியும்

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பே துறையிலிருந்து, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேருக்குப் பல மணி நேரக் கப்பற்பயணம். கடல் சீறினால் அதுவும் நின்றுவிடும். இத்தகைய இடங்களில் வாழும் தமிழருள் இதயம் தளர்ந்தோர், தாம் உண்ணும் நீர் மாத்திரையைப் பற்றி ஓரளவு தெளிவு பெற்றிருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

இதயத்தின் வலிமை குன்றினால், சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் உடலிலேயே தேக்கிவிடுகின்றன. கால் வீங்குகிறது, நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது. மிகுந்த உப்பைச் சிறுநீரில் கழித்து, அதனுடன் நீரையும் வெளியேற்றுவதே இம்மருந்துகளின் தொழில்.

1960-களில் வழக்குக்கு வந்த ஃபுரோசமைடு விரைந்து வேலை செய்யும். சுமார் ஆறு மணி நேரத்தில் அதன் வேகம் அடங்கும். ஆனால் அது குடலிலிருந்து இரத்தத்தில் சேரும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். டோர்செமைடோ சீராகச் சேர்ந்து, சற்று நீடித்து நிற்கும். ஆகவே அதுவே உயிர் காப்பதில் சிறந்தது என்று பலர் எண்ணினர். அமெரிக்காவில் 2,859 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இரு பிரிவிலும் இறந்தோர் நூற்றுக்குச் சுமார் 26 பேரே.

ஸ்பைரனோலாக்டோன் வேறு வகை. நீர் பிரிப்பதில் மெலிந்தது. ஆயினும் 1999-இல் வெளியான ஆய்வில், கடும் இதயத் தளர்ச்சியுற்றோரின் மரண அபாயத்தை நூற்றுக்கு 30 பங்கு குறைத்தது. அது பொட்டாசியத்தை உடலில் தேக்குவதால் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. தென்னை மலிந்த தீவில் இளநீர் பருகுவதற்கும் மருத்துவரின் இசைவு வேண்டும்.

ஃபுரோசமைடா, டோர்செமைடா என்பதைவிட, கொடுத்த மாத்திரையைத் தவறாது உண்பதே பெரிது. கப்பலில் கழிப்பறையை அடிக்கடி நாட நேருமே என்று பயண நாளில் அதனை விட்டுவிடுவோர் உண்டு. விட வேண்டா, உண்ணும் நேரத்தை மாற்றலாமா என மருத்துவரைக் கேளுங்கள். கப்பல் தவறும் நாள்களுக்கும் போதிய மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும்.

கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பு மருந்தின் பயனைக் கெடுக்கும். மூட்டுவலிக்கு உண்ணும் டைக்ளோஃபினாக் போன்றவையும் நீரைத் தேக்கும்.

நாள்தோறும் காலையில், உண்ணுமுன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், மூச்சு முட்டும்வரை காத்திராது உள்ளூர் மருத்துவரை நாடுங்கள். எடை முன்னதாக அறிவிக்கிறது. மூச்சுத்திணறல் நள்ளிரவில் வரும்போது கப்பல் இராது.