இல்லத்துச் சேமிப்பறை

காலம் எப்பொருளையும் கெடுத்துவிடும் என்பது உலகோர் கூற்று. ஆயினும் சில பொருள்களைக் காலமே கனிவிக்கின்றது. புதுப்புளியிலும் பழம்புளிக்கு மணம் அதிகம். புத்தரிசிச் சோறு குழைந்துவிட, ஆண்டு கடந்த அரிசியின் சோறு உதிரியாக வேகின்றது. நேற்று உப்பிட்ட தேசிக்காய் கசக்கும்; மூவாண்டு கழிந்த தேசிக்காயோ கஞ்சிக்கு ஒரு துணுக்கு இருந்தாற் போதும் என்று சொல்ல வைக்கும். இவ்வாறு காத்திருந்து கனியவைக்கும் பண்டங்களை வீட்டில் முறையாகச் சேர்த்து வைத்துப் பேணுதல் ஒரு கலை. அக்கலையைப் பற்றியே இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

மேனாட்டார் இக்கலையைத் தங்கள் பானங்களின் வாயிலாக வளர்த்தனர். ஜேர்மனியின் பவேரியா நாட்டில், கோடையில் வடித்த பியர் கெட்டுப்போனமையால், ஏப்ரல் 23 முதல் செப்டெம்பர் 29 வரை பியர் வடித்தலாகாது என்று 1553 இல் ஆணை பிறந்தது. ஆதலின் குளிர்காலத்தில் வடித்ததைக் கோடைக்கெனச் சேர்த்து வைக்க நிலவறைகளை அகழ்ந்தனர், பனிக்கட்டிகளை அடுக்கினர், மேலே நிழல் மரங்களை நட்டனர். ‘லாகர்’ என்ற பெயரும் ‘சேமித்து வைத்தல்’ எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லினின்றே பிறந்தது. நம் நாட்டில் நுவரெலியாவின் குளிரை நாடி 1881 இல் ஒரு பியர் வடிசாலை எழுந்தது. இன்றும் மேனாடுகளில் வீட்டு நிலவறையில் போத்தல்களை நிறுத்தி, ஆண்டு குறித்து, பத்தாண்டு காத்திருந்து திறப்போர் பலர்.

கல்முனையிலோ, மருதமுனையிலோ, சாய்ந்தமருதிலோ இப்பேச்சுக்கு இடமில்லை. இங்கு முஸ்லிம் இல்லங்களில் மது விலக்கு; எம் போன்றோர் இல்லங்களிலும் அதற்கு மதிப்பில்லை. ஆனால் அந்நிலவறைக்காரர் கண்ட விதிகளை நம் வீட்டுச் சாடிகளுக்குப் பொருத்திப் பார்ப்பதில் என்ன தடை? இருள், தண்மை, அசையாமை, நாட்குறிப்பு, பொறுமை என்னும் ஐந்தே அவ்விதிகள். பியருக்கு உரியது தேனுக்கும் ஊறுகாய்க்கும் உரியதேயாம்.

நம் மண்ணின் பழைய சேமிப்பறை

இக்கலை நமக்குப் புதிதன்று. 1660 இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபதாண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் இராபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலில் வேடர்களைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். அவர்கள் மரப்பொந்தில் தேனை வார்த்து, அதில் இறைச்சியை இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கெனப் பேணுவராம். எமது கரையோரத்துக்கு மேற்கே உள்ள காடுகளிலும் அவ்வேடர் வழியினர் வாழ்ந்தனர். பூட்டும் அறையும் இன்றி, ஒரு மரமே அவர்க்குச் சேமிப்பறையாயிற்று.

பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவையும் மாலைதீவையும் இலங்கையையும் சுற்றிய இபுனு பதூதாவும், பிஞ்சு மாங்காயை உப்பிட்டு ஊறவைக்கும் வழக்கத்தைக் கண்டு, தம் நாட்டார் தேசிக்காயை ஊறவைப்பதோடு அதனை ஒப்பிட்டு எழுதினார். மாலைதீவு மீனையும் அவர் குறித்துள்ளார். அம்மாசியே இன்று நம் சம்பலின் உயிர்.

ஏன் சேமிக்க வேண்டும்?

கடைத்தெரு எட்டும் தூரத்தில் இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்று இளையோர் கேட்பர். விடை நம் நிலத்திலும் வானத்திலும் உள்ளது. சித்திரை முதல் புரட்டாசி வரை கடல் அமைதியாயிருக்கும், மீன் மலியும். கார்த்திகை பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கினால் தோணிகள் கரையேறும். மீன் விலை வானேறும். மாரியில் வெள்ளம் வீதியை மறிக்கும். 2011 சனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மூழ்கடித்த பெருவெள்ளத்தை எவரும் மறந்திரார். 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியை எம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இத்தகைய நாள்களில் அடுப்பெரித்த இல்லங்கள், சாடி நிறைந்திருந்த இல்லங்களே.

இன்னுமொரு காரணம் உண்டு. கிழக்குக் கரையில், தமிழர் முஸ்லிம் இருசாராரிடத்தும், மணமாகும் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். வீட்டோடு சேமிப்பறையும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். ஆதலால் ஒரு சாடியின் வயது சில வேளைகளில் ஓர் இல்லறத்தின் வயதாகவே இருக்கும்.

அறையைத் தேர்தல்

மேனாட்டாரைப் போல நாம் நிலவறை தோண்ட இயலாது. கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட இம்மணல் நிலத்தில் சில முழம் அகழ்ந்தாலே நீர் ஊறும். எனவே தரைக்கு மேலேயே இடம் தேட வேண்டும். பிற்பகல் வெயில் மேற்குச் சுவரைச் சுடும். ஆகவே மேற்குச் சுவரில்லாத உள்ளறையே சிறந்தது. அடுப்படிக்கு அடுத்த அறை ஆகாது. சாடிகளைத் தரையில் வையாது, ஒரு முழ உயரப் பலகைத் தட்டில், சுவரினின்று நாலு விரல் விலக்கி வைத்தல் நன்று. ஈரமும் கறையானும் ஏறா. வெள்ளம் புகும் வீடாயின் தட்டை இடுப்பளவுக்கு உயர்த்துக.

ஒளியும் பகையே. பியர்ப் போத்தல் கபில நிறமாயிருப்பதன் காரணம், சூரிய ஒளி பட்டால் அதிலுள்ள கசப்புப் பொருள் சிதைந்து நாற்றம் எழுதலேயாம். நம் தேனும் நெய்யும் ஒளியில் தம் மணத்தை இழக்கும். நிறக் கண்ணாடிப் போத்தல் இல்லையெனில், தடித்த கடதாசியால் சுற்றி வைத்தாற் போதும்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அனல் வீசும். அந்நாள்களில் ஒரு பெரிய பானையுள் ஈரமணல் இட்டு, அதனுள் சிறுபானை வைத்து, ஈரத்துணியால் மூடினால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்னும் ஆசிரியர் 1990களில் இம்முறையை ஏழை உழவரிடையே பரப்பி உலகப் புகழ் பெற்றார். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதே இதன் நுட்பம். ஆதலால் வரண்ட காற்றில் இது நன்கு பயன்படும். மாரியின் ஈரக்காற்றில் பயன்படாது.

எவற்றைச் சேர்ப்பது?

முதலாவது பழப்புளி. ஓடும் கொட்டையும் நீக்கி, வெயிலில் உலர்த்தி, உப்பிட்டுப் பிசைந்து, உருண்டையாக்கி மண்சாடியில் அழுத்தி வைப்பர். காலம் செல்ல நிறம் கருக்கும். புளிப்பின் முரட்டுத்தன்மை தணியும். உலோகப் பாத்திரம் ஆகாது. புளியின் அமிலம் அதனை அரிக்கும்.

இரண்டாவது உப்புத் தேசிக்காய். அடி பிரியாமல் நான்காகக் கீறி, நிறையில் நான்கு பங்குக் காய்க்கு ஒரு பங்கு உப்பைத் திணித்து, மூன்று நாள் சாடியில் ஊறவிட்டு, பின்னர் பகலில் வெயிலிலும் இரவில் அதன் சாற்றிலும் மாற்றி மாற்றி வைத்துத் தோல் மெதுவாகும்வரை பக்குவம் செய்க. இதில் உப்பும் புளிப்பும் ஒன்றுக்கொன்று துணை. பிஎச் 4.6 இற்குக் கீழே கொடிய நஞ்சுக் கிருமி வளராது என்பது உணவு விஞ்ஞானம். தேசிச் சாறோ அவ்வெல்லைக்கு வெகு கீழே நிற்பது.

மூன்றாவது சிங்கள ஊர்களில் ‘ஜாடி’ என வழங்கும் உப்புமீன். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, இடையிடையே கொறக்காப் புளி, மேலே பாரக்கல். மீன் எப்போதும் உப்புநீருள் அமிழ்ந்திருத்தல் வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை: சூரை போன்ற மீன்களை வெயிலில் கிடக்கவிட்டுப் பின் உப்பிட்டால் அவற்றில் ஒருவகை நச்சுப்பொருள் தோன்றும். அதனைச் சமையல் வெப்பமும் அழிக்காது. கரையேறிய உடனே உப்பிடுக. இயலாதேல் ஆசையை விடுக.

நான்காவது தேன். நல்ல தேனில் நீர் குறைவு. அதுவே அதன் காவல். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீர் ஏறினால் தேன் புளித்து நுரைக்கும். இதனை நாம் நூலிற் கற்றதன்று, பட்டறிந்தது. சில ஆண்டுகளுக்கு முன், முற்றாத அடையினின்று பிழிந்த தேனை இறுக மூடி வைத்தோம். நள்ளிரவில் வெடியோசை கேட்டுக் கள்வன் என எண்ணி விளக்கோடு ஓடினால், அறை முழுவதும் தேன்; எம் மனைவியார் முகத்திலோ எள்ளும் கொள்ளும்! எறும்புகளுக்கு மட்டும் அது திருவிழா. மற்றொன்று மறவற்க: ஓராண்டு நிரம்பாத குழந்தையின் நாவில் தேன் தடவுதலாகாது. பெரியோர்க்குத் தீங்கு செய்யாத நுண்வித்துக்கள் சிசுவின் குடலில் நஞ்சை விளைவிக்கக் கூடும்.

ஐந்தாவது நெல். பெரும்போக நெல்லை நன்கு உலர்த்தி, ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாதவாறு மூடையிட வேண்டும். பூஞ்சணம் பூத்த நெல், செத்தல் மிளகாய், நிலக்கடலை எதனையும் கழுவிப் பயன்படுத்த எண்ணாதீர், வீசிவிடுவதே அறிவு.

மேற்பார்வை

சேர்ப்பது எளிது, பேணுவதே அரிது. ஒவ்வொரு சாடியிலும் பண்டத்தின் பெயர், இட்ட நாள், இட்டவர் பெயர் மூன்றும் எழுதுக. ஒரு கொப்பியில் வரவும் செலவும் குறிக்குக. பழையது முன், புதியது பின் என அடுக்குக. ஒரே பண்டத்தில் மூன்று சாடி இருத்தல் நலம்: இவ்வாண்டுக்கு ஒன்று, வருமாண்டுக்கு ஒன்று, காத்திருப்பதற்கு ஒன்று. ஆண்டுக்கொரு முறை, நாம் தைப்பொங்கலுக்கு முன்னும், அயலார் நோன்பு வருமுன்னும், எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, முகர்ந்து, சுவைத்துப் பார்க்கின்றோம். ஈரக்கரண்டி சாடியுள் புகலாகாது என்பது எம் வீட்டின் முதற்சட்டம். திறக்காமலே வைத்திருப்பவன் சேமிப்பாளன் அல்லன், உலோபி என்பதையும் கூறிவிடுகின்றோம். மேனாட்டு நிலவறைக்காரரும் இதே பிழையைச் செய்வர். எல்லாப் பியரும் முதுமையை விரும்புவதில்லை. கடுமையான கரும் பியரே ஆண்டுகளைத் தாங்கும். இலேசானது சில மாதத்தில் சுவையிழக்கும். நம் எருமைத் தயிரும் அப்படியே, அதற்கு நாளையென்பதில்லை.

அரைச் சாடி

எம் மாமியார் கடலோரத்தில் வாழ்ந்தவர். அவர் வீட்டு அறையில், அவருடைய தாயார் இட்ட தேசிக்காய்ச் சாடி ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் புதுக்காயை அதன் பழஞ்சாற்றிலேயே சேர்ப்பார். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை கடல் எழுந்து வந்தது. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் அன்று பட்டதை ஈண்டு விரித்தல் வேண்டா. உயிர் தப்பியவர்களுள் மாமியாரும் ஒருவர். வீடு இல்லை, அறை இல்லை, சாடியின் ஓடு கூட அகப்படவில்லை. பல நாள் அவர் வேறெதற்கும் அழவில்லை. அச்சாடியைச் சொல்லியே அழுதார்.

சில மாதங்கள் சென்றபின், வீதிக்கு மேற்கே வாழ்ந்த ஒரு முஸ்லிம் மூதாட்டி எம்மிடம் வந்தார். கையில் துணியால் வாய்கட்டிய சிறு சாடி. “மகள், ஒரு நோன்புக்கு உங்கட அம்மா கஞ்சிக்குத் தந்த தேசிக்காய் இது. பாதிதான் எடுத்தன். மிச்சம் உங்களுக்குச் சேரவேண்டியது” என்று எம் மனைவியாரிடம் கொடுத்தார். “உம்மா, தந்ததைத் திருப்பி வாங்கலாமா?” என்று மனைவியார் தயங்கினார். “திருப்பித் தரல்ல மகள். இவ்வளவு நாளும் பத்திரமா வச்சிருந்தன்” என்றார் அவர்.

அச்சாற்றில் புதுக்காய் இட்டோம். இன்று எம் அறையில் மூன்று சாடிகள் உள்ளன. ஆண்டுதோறும் நோன்பு தொடங்குமுன் ஒரு சிறு சாடி வீதிக்கு மேற்கே செல்கின்றது. மூதாட்டி இப்போது இல்லை. அவர் மகள் வாங்கிக்கொள்கிறார்.

இருளும் தண்மையும் நாட்குறிப்பும் பண்டத்தைக் காக்கும். ஆயினும் எவ்வளவு உயர்ந்த தட்டாயினும் கடல் எழுந்தால் எட்டிவிடும் என்பதை நாம் கண்டுவிட்டோம். ஆதலின் வாசகர்கட்கு ஒன்று கூறுவோம்: இவ்வாண்டு நீங்கள் சாடி நிறைக்கும்போது, ஒரு பங்கை அயல்வீட்டுத் தட்டில் ஏற்றி வையுங்கள்.