பழைய பிக்கப்புக்குப் பாகம் தேடுகிறவர்களுக்கு



சேவை முடிந்து ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்ததும், பல வீடுகளில் மகனுக்கு ஒரு பழைய வாகனம் வாங்கிக் கொடுக்கிறார்கள். எங்கள் பெரியம்மாவும் அப்படித்தான் செய்தார். முப்பது வருசம் கொழுந்து பறித்த காசு. மகன் இருப்பது மன்னார்ப் பக்கம், முருங்கனில். அண்ணன் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று வாங்கி, பேசாலையில் இருந்து மீன் ஏத்தினார்.

ஒரு நாள் வண்டி நீலப்புகை கக்கியது. பிஸ்டன் ரிங் தேய்ந்து போச்சு. பதிவுப் புத்தகத்தில் 2எல் என்ஜின் என்று இருந்தது. அதை நம்பி நெடுந்தூரம் பஸ்ஸில் போய், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பிஸ்டனும் ரிங்கும் வாங்கி வந்தார். கராஜில் பாஸ் போட்டுப் பார்த்தால் சிறிசாக இருக்கிறது! பழைய சொந்தக்காரர் எப்போதோ 3எல் என்ஜினை மாற்றிப் போட்டிருக்கிறார். 2எல் சிலிண்டரின் விட்டம் 92 மில்லிமீட்டர், 3எல் 96. பெட்டியைப் பிரித்ததால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. "தம்பி, அம்மாவோட சல்லி கராஜில கிடக்குது" என்று எனக்குப் போன் பண்ணினார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். என்ஜினில் குத்தியிருக்கும் நம்பரைத் துடைத்துப் பாருங்கள். 2எல், 3எல் என்று அதன் தொடக்கமே சொல்லும். சேசிஸ் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள நம்பரும் என்ஜினில் உள்ளதும் வேறென்றால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து சரிசெய்ய வேண்டும். வாங்குவதற்கு முன்பே இதைப் பார்ப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது, கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், என்ஜினின் பெயரையும் சொல்லுங்கள். டொல்பின் வேன்கள் பலவற்றில் இருப்பதும் இந்த 3எல் என்ஜின்தான். "ஹைலக்ஸ் சாமான் இல்லை" என்கிற கடையில் டொல்பின் சாமான் இருக்கும். அண்ணனுக்குச் சரியான பிஸ்டன் அப்படித்தான் வவுனியாவில் கிடைத்தது. சிலிண்டரை முன்பே ரீபோர் செய்திருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டன் வேண்டும். ஆகவே அளந்த பிறகே வாங்குங்கள்.

மூன்றாவது, பாகத்து நம்பர். டொயோட்டா நம்பர் பெரும்பாலும் ஐந்தும் ஐந்துமாகப் பத்து இலக்கம். முதல் ஐந்து, அது என்ன பாகம் என்று சொல்லும். 16100 என்றால் வாட்டர் பம்ப். கழற்றிய பழைய பாகத்தை வீசிவிடாமல் கையோடு கொண்டு போங்கள்.

நான்காவது, எதைப் பாவித்ததாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? கதவு, பம்பர், ஸ்டியரிங் வீல், கியர் பெட்டி போன்றவற்றை நல்ல பாஸிடம் காட்டிப் பாவித்ததாக வாங்கலாம். பிரேக் ரப்பர், பிரேக் ஹோஸ், லைனர், டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். பிறகு செலவு பல மடங்கு. மலை ரோட்டில் பிரேக் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மன்னாரில் இன்னொரு எதிரி உப்பு. கடற்காற்று ஒரு பக்கம், மீன் பெட்டியில் இருந்து வடியும் ஐஸ் தண்ணீர் மறுபக்கம். சேசிஸ், பிரேக் குழாய், வில்லுத்தகடு எல்லாம் உள்ளுக்குள்ளேயே துரு ஏறும். மீன் இறக்கியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது. கரையோரத்து வண்டியை வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், கீழே குனிந்து சேசிஸைத் தட்டிப் பாருங்கள்.

பாகம் கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வடக்கில் பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள், சாமான் இல்லாமல் லேத்தில் கடைந்து போட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசமும் நாட்டை ஓட்டியது பழைய வண்டிகள்தான்.

அண்ணனின் வண்டி இப்போது ஓடுகிறது. ஆனால் மூன்று வாரத்து உழைப்பும், தவறான பிஸ்டனுக்குக் கொடுத்த காசும் போனது போனதுதான். பழைய வண்டி வாங்குவது தப்பில்லை. ஆனால் அம்மா அப்பாவின் வாழ்நாள் உழைப்பைக் கொடுக்கும் முன், என்ஜின் நம்பரை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். இரண்டு நிமிச வேலை.